மகன் வந்த பிறகு

அபாம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள கோபினாவுக்கு, அராபா எழுதுவது.

உன் அம்மா நலமாக இருக்கிறார். கடிதத்தின் தலையில் எல்லோரும் எழுதுகிற வரிதானே என்று இதைத் தாண்டிப் போய்விடாதே. இன்று காலை அவர் வீட்டுக்குப் போய், மண் அடுப்பிலிருந்து அவர் ரொட்டியை வெளியே இழுப்பதைப் பார்த்துவிட்டு, கையையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. கண்ணுக்குப் புதுச் சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்கள். என்னைத் திட்டுவதில் ஒரு குறையும் வைக்கவில்லை. நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. அது நியாயம்தான். உன் இடத்தில் நான் இருந்தால் என் எண்ணையே அழித்திருப்பேன். ஆனால் அம்மா கூப்பிட்டாலும் நீ எடுப்பதில்லை. அதனால்தான் கடிதம். நம் சபைப் போதகரின் மனைவி மகளின் பிரசவத்துக்காக மிலானுக்கு வருகிறார். அங்கிருந்து உன் ஊர் அதிக தூரமில்லை, நேரில் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன் என்றார். உறையைப் பசை போட்டு ஒட்டி, கடையிலிருக்கும் அகல டேப்பையும் சுற்றியிருக்கிறேன். போதகர் மனைவியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நடந்ததை யார் யாரோ உனக்குச் சொல்லியிருப்பார்கள். ஆளுக்கொரு கதையாக வந்து சேர்ந்திருக்கும். தப்பு செய்தவள் வாயாலேயே ஒரு முறை கேட்டுவிடு.

என் கடையில் அடிப்பது பெரும்பாலும் சாவுப் போஸ்டர்தான். இறந்தவரின் படம், பின்னால் மேகம், மூலைக்கு ஒரு புறா, கீழே வயது, அடக்கம் எப்போது, பிள்ளைகள் யார் யார், அடைப்புக்குறிக்குள் அவர்கள் இருக்கும் நாடு. நாட்டின் பெயர் கொஞ்சம் சிறுத்துவிட்டாலும் சண்டைக்கு வந்துவிடுவார்கள். உன் அப்பாவுக்கும் நான்தான் அடித்தேன். 'கோபினா (இத்தாலி)' என்று உன் பெயரை எல்லாப் பெயருக்கும் மேலே போட்டேன். நீ வரவில்லை. சவப்பெட்டிக்குப் பின்னால் உன் அம்மா தனியாக நடந்ததைப் பார்த்தேன். அன்றைக்கே உன்மேல் ஒரு கோபம் எனக்குள் உட்கார்ந்துவிட்டது. உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இந்தத் தொழிலில் இருந்தால் மனிதர்கள்மேல் மரியாதை குறைந்துவிடும், கோபினா. தங்கப் பிடி வைத்த பெட்டிக்குச் சொல்லிவிட்டு வருவார்கள். பந்தல், பாட்டு, ஊர் முழுக்கச் சாப்பாடு. இறந்தவரின் படம் கொடுங்கள் என்றால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கடைசியில் வாக்காளர் அட்டைதான் வரும். அதிலிருந்து முகத்தை வெட்டியெடுத்து, கழுத்தும் தோளும் நல்ல துணியும் நானே கம்ப்யூட்டரில் வரைந்து ஒட்டுவேன். எத்தனையோ தாய்மார்களுக்கு நான் கழுத்து வரைந்திருக்கிறேன். அவர்கள் உயிரோடு இருந்தபோது ஒரு நல்ல படம் எடுத்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆக்ராவில் ஜேம்ஸ்டவுனில் ஒரு பழைய கிடங்கைக் கண்காட்சிக் கூடமாக்கி நடத்தும் நா ஷோர்மே என்ற பெண் ஒரு சாவுக்கு அபாம் வந்தபோது என் போஸ்டர்களைப் பார்த்தாள். ஆப்பிரிக்காவில் பல நாட்டுக் கலைஞர்களைச் சேர்த்து ஒரு கண்காட்சி வைக்கிறேன், ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் எது உறுத்துகிறதோ அதைச் செய்து கொண்டுவருகிறார்கள், நீயும் செய் என்றாள். லாகோஸ் பெண் ஒருத்தி வீட்டு வேலைக்காரிகளின் தேய்ந்த செருப்புகளைக் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தாள். கம்பாலாக்காரர் ஒருவர் மஞ்சள் தண்ணீர்க் கேன்களை அடுக்கி, உள்ளே போனால் வழி தெரியாத ஒரு சந்து கட்டியிருந்தார். அவர்களுக்கு நடுவில் போஸ்டர் கடைக்காரி நான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

உயிரோடு இருப்பவர்களுக்குச் சாவுப் போஸ்டர் அடிப்பது என்று முடிவு செய்தேன். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து எட்டிப் பார்க்காத பெரியவர்கள் சிலரை அபாமிலேயே தேர்ந்தெடுத்தேன். செத்த பிறகு செய்வதையெல்லாம் இப்போது செய்தால் என்ன என்று பார்க்கிறவர்களுக்கு உறைக்க வேண்டும். யோசனை நல்லதாகத்தான் இருந்தது. இப்போதும் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதுவே வெட்கமாக இருக்கிறது.

உன் அம்மாவிடம் ஆக்ரா கண்காட்சிக்குப் படம் என்று மட்டும் சொன்னேன். என்ன மாதிரிப் படம் என்று சொல்லவில்லை. அவர் வெள்ளை லேஸ் உடுத்தி, தலைக்குப் பெரிய துணி கட்டி, பாசிமணி எல்லாம் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கோபினா இதைப் பார்ப்பானா என்று கேட்டார். பார்ப்பான் என்று சொன்னேன்.

பின்னால் மேகம் போட்டேன். 'ஆபா யாம்சன், வயது எழுபத்தொன்று' என்று போட்டேன். 'மகன்: கோபினா (இத்தாலி)' என்று போட்டேன். அதற்குக் கீழே, தேதி வர வேண்டிய இடத்தில், 'அடக்கம்: மகன் வந்த பிறகு' என்று போட்டேன். அந்த வரியை எழுதியபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன். குத்த வேண்டிய இடத்தில் குத்திவிட்டேன் என்று நினைத்தேன். நம் ஊர்ப் போஸ்டர்களில் பாதிக்கு மேல் அப்படித்தானே இருக்கும்? பிள்ளைகள் விமானம் ஏறும்வரை உடலைக் குளிரூட்டியில் வைத்திருப்பதுதானே வழக்கம்? எனக்கு ஊசியாகத் தெரிந்தது, மற்றவர்கள் கண்ணில் சாதாரண அறிவிப்பாகத்தான் படும். நான் அதைத்தான் யோசிக்கவில்லை. தினமும் இதே வேலையைச் செய்கிறவள் யோசிக்கவில்லை.

எல்லாப் போஸ்டரிலும் அம்மாவுடையதுதான் நன்றாக வந்திருந்தது. நா ஷோர்மே அதையே பெரிதாக அடித்து, கண்காட்சி தொடங்கும் நாள் காலையில் சாலையோரம் கட்டிவிட்டாள். கண்காட்சியின் பெயர் அடியில் எங்கோ பொடி எழுத்தில் இருந்தது. அந்த வழியாக வந்த, அபாமுக்கு ஆள் ஏற்றும் ட்ரோட்ரோ வண்டிக்காரன் ஒருவன் பார்த்தான். வண்டியை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, போனில் ஒரு படம் எடுத்து நம் ஊர்க் குழுவில் போட்டான். மீதி வேலையைப் போன்கள் பார்த்துக்கொண்டன.

அவர் இறந்தாரா என்று யாரும் கேட்கவில்லை, கோபினா. எப்படிக் கேட்பார்கள்? போஸ்டர் இருக்கிறதே. போய்ப் பார்த்தார்கள், வீடு பூட்டியிருந்தது. விடியற்காலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போனார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கண் மருத்துவத்துக்காக வின்னபா போயிருந்தார், அவ்வளவுதான். போனை முந்தின நாள் என் கடையில் சார்ஜுக்குப் போட்டிருந்தார். நான் கடையைப் பூட்டிக்கொண்டு ஆக்ரா போய்விட்டேன். பிறகு கேட்பானேன். உங்கள் குடும்பத் தலைவர், அம்மாவின் அண்ணன் குவாமெனா அக்கான், அவருக்கு வந்த கோபமெல்லாம் ஒன்றே ஒன்றுதான். தலைவர் வாயால் சொல்லாமல் ஒரு சாவு வெளியே போகக் கூடாதே, அதை மீறியது யார் என்பது. நான் ஆக்ராவில் கண்காட்சிக்காகத் தைத்த புதுச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தபோது அவர் அழைத்தார்.

"யாரைக் கேட்டு அடிச்சே? என் வீட்டுச் சாவு எனக்கு முன்னாடி ஆக்ராக்காரனுக்குத் தெரியணுமா?"

பெரியவரே, அவர் சாகவில்லை என்று நான் சொல்ல வாய் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டார். மறுபடி எடுக்கவில்லை. உன்னை அப்போதே கூப்பிட்டிருக்க வேண்டும். செய்தி உன்வரை போவதற்குள் ஊரில் சரிசெய்துவிடலாம் என்று நினைத்து வண்டி ஏறினேன்.

நான் வந்து சேர்ந்தபோது உன் வீட்டு முற்றத்தில் பந்தல்கால் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கிவிட்டன. எல்லோரும் துக்கத்துச் சிவப்பும் கறுப்புமாக உடுத்தியிருந்தார்கள். அம்மாவின் படியேறியே பார்க்காத சொந்தக்காரர்கள் சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் வலப்பக்கத்திலிருந்து வரிசையாக எல்லோருக்கும் கை கொடுத்து வந்தேன். உட்கார வைத்தார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். அடுத்து, வந்த காரியம் என்ன என்று தலைவர் கேட்க வேண்டும். அவர் கேட்கும்வரை வந்தவர் வாய் திறக்கக் கூடாது. அவர் கேட்கவில்லை. என்னைத் தண்டிப்பதற்காகவே கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் கத்தியிருக்கலாம். எழுந்து நின்று, அவர் உயிரோடு இருக்கிறார், தப்பு என்னுடையது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். முறைமையை மீறக் கூடாது என்று என்னிடமே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மை அதுவல்ல. உயிருள்ள பெண்ணுக்கு இந்த அராபா சாவுப் போஸ்டர் அடித்தாள் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தலைவர் கேட்காததை ஒரு சாக்காகப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர்க் குவளை கையிலேயே இருந்தது.

அப்போதுதான் அவர் உனக்குப் போன் போட்டார். எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார். உனக்குச் செய்தி ஏற்கெனவே வந்துவிட்டது என்பது நீ அழுததிலேயே தெரிந்தது. எப்போது வருகிறாய், அதை வைத்துத்தான் தேதி சொல்ல வேண்டும் என்று அவர் கேட்டார். நீ சொன்னதை முற்றமே கேட்டது.

"எனக்காகக் காத்திருக்காதீங்க மாமா. எடுத்துடுங்க. என்னால வர முடியாது."

நான் உன்னை அந்தக் கணம் வெறுத்தேன், கோபினா. அதையும் எழுதிவிடுகிறேன். சாகாத தாயைச் சாகடித்தவள் நான், கையில் குவளையோடு உட்கார்ந்துகொண்டு உன்னை வெறுத்தேன். பார், என் போஸ்டர் சொன்னது சரிதான் என்றுகூட நினைத்தேன்.

தலையை நிமிர்த்தினால் வாசலில் உன் அம்மா நிற்கிறார். கையில் மருந்துப் பை. எப்போது வந்தாரோ தெரியாது, ஆனால் நீ சொன்னது அவர் காதில் விழுந்திருந்தது. முகத்தில் தெரிந்தது. ஒருத்தி அலறிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். பந்தல்காரன் கயிற்றை விட்டுவிட்டான். அம்மா யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து தன் அண்ணன் கையிலிருந்த போனை வாங்கினார்.

"கோபினா, சாப்பிட்டியா?"

நீ இணைப்பைத் துண்டித்துவிட்டாய். பயந்தாயோ, வெட்கப்பட்டாயோ, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் மாட்டேன்.

அதன் பிறகு எழுந்து சொன்னேன். எல்லாம் முடிந்த பிறகு சொல்ல எல்லோராலும் முடியும். தலைவர் எனக்கு ஒரு ஆடும் ஒரு சீசா மதுவும் தண்டம் விதித்தார். மதுவைத் தரையில் ஊற்றி, முன்னோர்களிடம் ஆபா இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். உன் அம்மா வந்த கூட்டத்தை வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டேன் என்று இருந்த ரொட்டியை எல்லாம் பிய்த்துக் கொடுத்தார். சாவுக்கு வந்தவர்கள் சாகாதவர் கையால் வாங்கித் தின்றார்கள். சிலர் கண் கலங்கி, அடிக்கடி வருகிறோம் என்றார்கள். ஒருவரும் வரவில்லை.

இதோடு என் வெட்கம் முடியவில்லை. இந்தச் செய்தி பத்திரிகையில் வந்தது. கண்காட்சிக்குக் கூட்டம் சாய்ந்தது. செருப்பையும் தண்ணீர்க் கேனையும் விட்டுவிட்டு எல்லோரும் என் போஸ்டர் முன்னால்தான் நின்றார்கள். நா ஷோர்மே, இதை வேண்டுமானால் எடுத்துவிடலாம், உன் விருப்பம் என்றாள். நான் எடுக்கச் சொல்லவில்லை. சாலையில் இருந்ததை மட்டும் அவிழ்க்கச் சொன்னேன். உள்ளே இருந்தது இருக்கட்டும் என்றேன். அதுவரை மற்ற கலைஞர்கள் என்னிடம் பேசிய விதம் வேறு, அதன் பிறகு பேசிய விதம் வேறு. அது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு உன் அம்மா ஒருநாள் கடைக்கு வந்து, நான் செத்த இடத்தை நானும் பார்க்க வேண்டும், கூட்டிப் போ என்றார். போனோம். அதே வெள்ளை லேஸ், அதே பாசிமணி. கூடத்துக்குள் தன் படத்தின் முன்னால் போய் நின்றார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மேகமும் புறாவும் இல்லாமல் அவர் ஒரு சாதாரண வயதான பெண்தானே. பக்கத்தில் ஒரு சீமாட்டி செம்பருத்திச் சாறு குடித்துக்கொண்டே கூட வந்தவரிடம், இவனெல்லாம் ஒரு பிள்ளையா, பெற்றவள் பெட்டிக்குள் போனால்தான் ஊர் நினைப்பு வரும் என்றாள். அவள் சொன்னதில் ஒரு சொல்லும் அவளுடையது இல்லை. எல்லாம் நான் எழுதிக் கொடுத்தது.

அம்மா திரும்பினார்.

"அவனை வராதேன்னு சொன்னது நான். பெத்தவ பேச்சைக் கேட்ட பிள்ளைக்கு உங்க ஊர்ல என்ன பேரு?"

அந்தச் சீமாட்டி போஸ்டரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். நான் எங்கே போய் நிற்பது என்று எனக்கும் தெரியவில்லை.

வெளியே படியில் உட்கார்ந்து கென்கேயும் பொரித்த மீனும் சாப்பிடும்போதுதான் அம்மா எனக்குச் சொன்னார். உனக்கு அங்கே தங்குவதற்கான காகிதம் இன்னும் கைக்கு வரவில்லை என்றும், கிளம்பினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்றும், இத்தனை வருஷக் காத்திருப்பும் வீணாகும் என்றும். அப்பா இறந்தபோது நீ எல்லாம் போகட்டும் என்று கிளம்பப் பார்த்தாயாம். அம்மாதான் போனில் அழுது தடுத்தாராம். காகிதம் இல்லாதது ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று நீ கேட்டுக்கொண்டதால், பிள்ளை வரவில்லை என்ற பேச்சை அவரே வாங்கிக்கொண்டாராம். இந்த விஷயம் என்னைத் தாண்டிப் போகாது. நான் சத்தியம் செய்தால் நீ நம்ப வேண்டும் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் செய்கிறேன்.

போஸ்டரை இப்போதே இறக்கிவிடுகிறேன் என்று எழுந்தேன். அவர் வேண்டாம் என்றார்.

"படம் நல்லா இருக்கு, இருக்கட்டும். அந்தக் கடைசி வரியை மட்டும் வெட்டிடு. நான் போனா காத்திருக்க வேணாம்னு அவனே சொல்லிட்டான். அப்புறம் எதுக்கு அவன் பேரைச் சொல்லி என்னைப் பெட்டியில குளிர வைக்கணும்?"

நா ஷோர்மேயிடம் கத்தரிக்கோல் வாங்கி, கூடத்தில் இருந்தவர்கள் பார்க்கப் பார்க்க நானே வெட்டினேன். வெட்டு கோணலாகிவிட்டது. வெட்டிய துண்டை அம்மா மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நிஜமான நாளுக்கும் இந்தப் படத்தையே போடு, என்னையும் கழுத்து வரைந்து ஒட்டிவிடாதே என்றார். கண்காட்சி முடிந்ததும் சுருட்டிக் கொண்டுவந்து அவரிடமே கொடுத்துவிட்டேன். இப்போது அது உன் கட்டிலுக்கு மேலே, பரணில் இருக்கிறது.

வண்டியில் திரும்பும்போது என் தோளில் சாய்ந்துகொண்டு, நான் சாகவில்லை என்று கோபினாவுக்கு வருத்தமாக இருக்குமோ என்று கேட்டுச் சிரித்தார். வின்னபா தாண்டிய பிறகு இன்னொரு முறை அதையே கேட்டார். அப்போது சிரிக்கவில்லை.

என்னை நீ மன்னிக்க வேண்டாம், கோபினா. என் போனை எடுக்க வேண்டாம். இந்தக் கடிதத்துக்கு ஒரு வரிகூட எழுத வேண்டாம். அம்மாவைக் கூப்பிடு. அவர் இப்போது போனை என் கடைக்குக் கொண்டுவருவதில்லை. எங்கேயாவது வைத்தால் சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்று அடுப்புப் பக்கம் போகும்போதும் மடியில் முடிந்துகொண்டு போகிறார். ரொட்டி மாவு அதில் அப்பிக் கிடக்கிறது. அன்றைக்கு நீ சொன்னதைப் பற்றி அவரிடம் ஒன்றும் பேசாதே. அவருக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை.

கடவுள் உன் காகிதங்களைச் சீக்கிரம் உன் கையில் கொடுக்கட்டும். நீ இந்த முற்றத்துக்குள் நடந்து வரும் நாளில் அவரே வாசலில் நிற்கட்டும்.

அவர் உன்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். சாப்பிட்டாயா இல்லையா என்று மட்டும் சொல்லிவிடு.

உன்னைப் போலவே ஒரு செவ்வாய்க்கிழமையில் பிறந்த,
அராபா எஸ்ஸுமான்